பத்திய உப்பு

1974 செப்டம்பர், செவ்வாய்க்கிழமை. காலை 6.15. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் காத்தவராயன் பாயில் செத்துக் கிடந்தார். சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம். உப்பைத் தொடக்கூடாது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

7.40. சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் வந்தார். கம்பவுண்டர் மூர்த்தி அடுப்பைக் காட்டினான். குப்பத்துக்கு அவன்தான் டாக்டர்.

"உப்பு வெஷம்னு படிச்சிப் படிச்சி சொன்னேன் சார். கருவாட்டுக் கொழம்பு ஊத்திக் கொன்னுட்டா."

குழம்பு தனக்கு ஆக்கியது என்றாள் பெண்சாதி பூவாயி. யாரும் காதில் வாங்கவில்லை. ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர்.

சேதி கேட்டு வந்திருந்த சுகாதார நிலைய நர்ஸ் செல்லம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தியம் சொல்லிக்கொடுத்தவள் அவள். அதை ஒரு நாள் தவறாமல் காத்தவள் பூவாயி. எல்லோரும் பிணத்தின் வாயைப் பார்த்தார்கள். செல்லம்மா கால்மாட்டில் உட்கார்ந்து கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழவில்லை.

ராத்திரி எப்படி இருந்தார் என்று கேட்டாள்.

"கையும் காலும் தொவண்டு பூட்ச்சும்மா. மூச்சு வாங்கல. நெஞ்சு மட்டும் தாறுமாறா அடிச்சிகினு இருந்துச்சு."

நாலு நாளாக நன்றாகச் சாப்பிட்டாராம். மூர்த்தி கொடுத்த பத்திய உப்பைப் போட்டாளாம். சிறுநீரகக்காரர்களுக்கென்றே செய்தது, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றானாம்.

பூவாயி எடுத்துக் கொடுத்த உப்புப் பொட்டலத்தைச் செல்லம்மா பிரித்து நுனிநாக்கில் வைத்தாள். கரித்தது, பிறகு கசந்தது. வெள்ளைத் தூளில் செங்கல் நிறத்தில் இரண்டு மணிகள். மதுராந்தகத்தில் அவள் அப்பா வயலுக்கு அதைத்தான் வீசுவார்.

8.30.

"உப்பு கொன்னிருந்தா கால் வீங்கியிருக்கும் சார், மூச்சு முட்டியிருக்கும். ரெண்டும் இல்ல. இது பொட்டாஷ் உரம். கழுவி வெளுக்க வச்சிருக்கான். நல்ல சிறுநீரகம் இத வெளிய தள்ளிடும். கெட்டது தள்ளாது. ரத்தத்துல தேங்கி நெஞ்ச நிறுத்திடும். கொன்னது இவன்."

பட்டணத்தில் இருதயக்காரர்களுக்கு இதைத்தான் கொடுக்கிறார்கள் என்றான் மூர்த்தி. நாக்கு செத்துப்போச்சு என்று கிழவர்தான் கெஞ்சினாராம்.

"அப்போ பொட்டலத்தக் காட்டாம கருவாட்ட ஏண்டா காட்டுன?" என்றாள் செல்லம்மா.

பொட்டலத்துக்கு நீண்ட அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னும் யாருக்குக் குடுத்த?"

மூன்று வீடு என்றான். முதல் பெயரைச் சொன்னதுமே பூவாயி பாயருகிலிருந்து எழுந்து ஓடினாள். அந்த வீட்டில் காலைச் சோறு போடும் நேரம்.