தெருக்கோடி விளக்கும் சலேஹாவின் முக்காடும்

சலேஹாவின் உலகம் ஒரு மாடி ஜன்னலோடு முடிந்துவிட்டது. பதினொரு வயதில் பள்ளியை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் குடும்பத்துப் பெண்களுக்கு அதுதான் வழக்கம். கீழே சூலியா தெருவில் ரிக்‌ஷாக்களும் மனிதர்களும் ஓயாமல் போவார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

நிமிர்ந்து பார்க்கிற ஒரே ஆள் கமலம் என்கிற கமலாம்பிகை. படகுத்துறை கிளார்க்கின் மகள், யாழ்ப்பாணத்துப் பெண். சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பாவோடு வந்து, அந்த வாரப் பாடத்தைச் சொல்லி, ஒரு புத்தகமும் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களைச் சலேஹா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள்.

ஒருநாள் அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்ததும், மெல்லிய வெள்ளை மல் துணி முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டபடி ஜன்னலில் நின்றாள். அழுகிற முகத்தை மறைக்கத்தான். தெருக்கோடியில் ஒரே ஒரு விளக்கு. அதைச் சுற்றி வரிசையாகக் குட்டி விளக்குகள்!

"உம்மா! ஒரு விளக்கு ஒம்பதா தெரியுது!"

உம்மா ஹபீபா பீவி கரண்டியோடு ஓடி வந்தார். "படிச்சுப் படிச்சுக் கண்ணைக் கெடுத்துக்கிட்டியே! இனி புத்தகமும் வேணாம், அந்தப் புள்ளை வரவும் வேணாம்!"

புத்தகங்கள் பெட்டிக்குள் போயின. பள்ளிவாசலிலிருந்து ஓதிய தண்ணீர் வந்தது. சலேஹா குடித்தாள், கண்ணிலும் தடவிக்கொண்டாள். விளக்குகள் குறையவே இல்லை.

கமலமும் வராவிட்டால்?

முக்காட்டை விலக்கினாள். ஒரு விளக்கு. போட்டாள். பல விளக்கு. தலையை அசைக்காமல் துணியை மட்டும் மெல்லத் திருப்பினாள். விளக்கு வரிசைகளும் கூடவே திரும்பின! கோளாறு கண்ணில் என்றால், துணியோடு அது ஏன் திரும்ப வேண்டும்?

சனிக்கிழமை வந்த கமலத்தை உம்மா படியிலேயே மறித்தார். சலேஹா முக்காட்டை நீட்டினாள்.

"உம்மா, ஒரே ஒரு தடவை இது வழியா விளக்கைப் பாருங்க லா."

உம்மா ஜன்னலுக்கு வந்து பார்த்தார். "யா அல்லாஹ்! எனக்கும் கண்ணு போச்சே! நான் எந்தப் புத்தகத்தைப் படிச்சேன்?"

சலேஹாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணியைத் திருப்பிக் காட்டினாள். "கண்ணு இல்ல உம்மா, துணிதான்!"

கமலமும் வாங்கிப் பார்த்துத் துள்ளினாள். "எங்கட டீச்சர் இதைத்தான் சொன்னவ! ஒளி அலை மாதிரியாம். நூல் இடுக்குக்குள்ளால போனா விரிஞ்சு இப்பிடிக் கோலம் போடும். எல்லாப் பொருளுக்குள்ளயும் எலெக்ட்ரான் எண்டு குட்டித் துகள் இருக்கு. அதை மெல்லிய தங்கத் தகட்டுக்குள்ளால விட்டா, அதுவும் கோலம் போடுதாம்!"

"பாசிமணி மாதிரி இருக்கிறது அலை மாதிரியும் நடக்குமா?"

"ஓம். ஒவ்வொண்டாத் தனியா விட்டாலும் கடைசியில அதே கோலம்தானாம். ஏனெண்டு டீச்சருக்கே முழுசா விளங்கேல்லையாம்."

"தனியா விட்டாலுமா?" என்று சலேஹா மெதுவாகக் கேட்டாள்.

உம்மா புத்தகப் பெட்டிச் சாவியை எடுத்து வந்தார். மிச்சமிருந்த ஓதிய தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் தானே குடித்தார்.

கமலம் புறப்பட்டாள். அவள் அப்பாவின் கைவிளக்கு தெருவில் சிறுத்துக்கொண்டே போனது. அடுத்த சனிக்கிழமை வரை இனி யாரும் வரமாட்டார்கள்.

சலேஹா முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். தெரு நிறைய விளக்குகள் நடந்து போயின.