கயிறு இறங்காத கிணறு

ஈயக் குண்டு காய்ந்திருந்தது. அதற்கு மேலே டேப்பில் பூசியிருந்த சாக்பீஸ் நனைந்திருந்தது.

தவமலர் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அதை மறுபடியும் பார்த்தாள். தண்ணீர் அளக்கிற வேலை ரொம்ப எளிது. இரும்பு டேப்பின் நுனியில் ஈயக் குண்டு தொங்கும். அதற்கு மேலே சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கி, கிணற்றுக்குள் இறக்கி, இழுத்துப் பார்த்தால் எதுவரை நனைந்திருக்கிறதோ அதுவரை தண்ணீர். முதலில் நனைவது குண்டுதான். இங்கே குண்டு காய்ந்து கிடந்தது, அதையொட்டிய வெள்ளையும் கலையவில்லை. அதற்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கறுத்த ஈரம், பிறகு மறுபடியும் வெள்ளை.

ஆச்சரியப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை. பினாங்கில் அவள் படிக்கிற பல்கலைக்கழகம், சூழலியல் கள ஆய்வு என்று சொல்லி இரண்டு மாணவிகளை மதுரைக்கு அனுப்பியிருந்தது. கூட வந்த சீனப் பெண் மஞ்சள்காமாலை கண்டு முதல் மாதமே ஊர் திரும்பிவிட, வில்லாபுரத்துக்கும் அவனியாபுரத்துக்கும் நடுவிலிருக்கிற கிணறுகள் எல்லாம் இவள் தலையில் விழுந்தன. எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. வானம் வெளுத்துப்போய்க் கிடந்தது. அன்றாடம் மழை கொட்டுகிற, பினாங்குப் பக்கத்துத் தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவள், இங்கே சாயங்காலம் தவறாமல் சைக்கிளில் போய் வறண்ட கிணறுகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தைப்பிங் என்றால் யாருக்கும் விளங்கவில்லை, 'சிங்கப்பூர்ப் பொண்ணு' என்றே கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் அவளும் சிங்கப்பூர்க்காரியாகிவிட்டாள்.

இன்னும் ஒரே வாரம்தான். ஒரு கிணற்றில் ஒரு நாள் அளவு விட்டுப்போனாலும் அந்தப் பருவம் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. இந்த வெயிலில் இன்னொரு பருவமா என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போக வேண்டும். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டபடி நாள் முழுக்கத் தூங்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இந்தக் கிணறு கடைசியாகச் சேர்ந்தது. வேறொரு கிணற்றின் சுவர் சரிந்துவிட்டதால், ஆய்வுக்குப் பொறுப்பாளரான ஆசீர்வாதம் சார் அதற்குப் பதிலாக இதைப் பிடித்துக் கொடுத்தார். கல்லூரியில் தாவரவியல் வாத்தியார் அவர். தோட்டத்துக்காரர் கருத்தக்கண்ணன் சரியென்று தலையாட்டினாராம், யாரும் புழங்காத கிணறுதானே என்றாராம். நிஜமாகவே யாரும் புழங்கவில்லை. கப்பி மாட்டுகிற தூண்களை யாரோ அடியோடு வெட்டி எடுத்திருந்தார்கள். குறுகலான வட்டக் கிணறு, உள்ளே பாதிச் சுவரில் ஓர் அரசங்கன்று, அதற்குக் கீழே வெயில் இறங்காத இருட்டு. கல்லைப் போட்டால் காய்ந்த மண்ணில் விழுகிற சத்தம்தான் வந்தது.

ஈரத்தைப் பற்றிச் சாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சுவரில் எங்காவது ஊற்று கசியும், டேப்பு உரசியிருக்கும், நடுவில் பிடித்து இறக்கு என்றார். மறுநாள் அவள் நடுவில்தான் இறக்கினாள். ஈரம் இரண்டு கை உயரத்துக்கு ஏறியிருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் மேலே. ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் ஈரம் முடிந்த இடத்துக்கு மேலேதான் புது ஈரம் தொடங்கியது. பட்டை பட்டையாக. ஒரு பட்டை இடப்பக்கம் சாய்ந்து, அடுத்தது வலப்பக்கம் சாய்ந்து. டேப்பு முழுக்க சாக்பீஸ் பூசி இறக்க ஆரம்பித்தாள். எதற்காக என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள். விரலில் ஒட்டிய ஈரத்தை முகர்ந்தால், வெகுநாள் பிழியாமல் கிடந்த சேலையின் நாற்றம் அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் சோற்றில் அந்த வாடை வந்தது.

கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம் டேப்பு கனத்தது.

முதலில் எங்கோ சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்தாள். ஆனால் சிக்கினால் அப்படியே நிற்கும், இது மெல்ல இழுத்தது. விட்டது. மறுபடியும் இழுத்தது. பாரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவது அவள் கைப்பிடியில் தெரிந்தது. வயலில் கொக்கு இல்லை, காக்காய் இல்லை. தன் மூச்சுதான் கேட்கிறது என்று நினைத்து மூச்சை அடக்கினாள். அடக்கிய பிறகும் மூச்சுச் சத்தம் கேட்டது.

எப்படிச் சுற்றி எடுத்தாள் என்று தெரியவில்லை. கடைசி ஈரப் பட்டை கிணற்று விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றிருந்தது.

சைக்கிளைக்கூட எடுக்காமல் கருத்தக்கண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அவர் இல்லை. அவர் மனைவி ரெங்கம்மாள் வாசலில் அடுப்புக்குப் பருத்திமார் ஒடித்துக்கொண்டிருந்தாள். டேப்பில் இருந்த பட்டைகளைக் காட்டி, விளிம்புக்கு ஒரு முழம் கீழே நிற்கிறது என்று சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

எழுபத்தைந்துப் பஞ்சத்தில் அந்த ஒரு கிணற்றில்தான் முழங்கால் அளவுக்காவது தண்ணீர் கிடந்ததாம். மாமனார் யாரையும் அண்டவிடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த இருளாயி, கூலி வேலைக்கு வருகிறவள், இருட்டியதும் திருட்டுத்தனமாக இறைக்க வந்திருக்கிறாள். வாளியை எக்கிப் பிடிக்கும்போது கால் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டாள். விழுந்தவள் சாகவில்லை. கூப்பிட்டாள்.

"கயித்தப் போடுங்க, கயித்தப் போடுங்கன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. கயிறு இந்தா, இந்த ஆணியிலதேன் தொங்குச்சு. மாமனாரு சொன்னாரு, விடியட்டும், நாலு பேரு பாக்கட்டும், அப்பத்தேன் புத்தி வரும்னு. விடியிறதுக்குள்ள சத்தம் நின்னுபோச்சு."

தவமலருக்கு உடம்பு பற்றி எரிந்தது. பயத்தையும் மீறிக் கேட்டுவிட்டாள். "நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு சும்மாவா உக்காந்திருந்தீங்க?"

"காலு எந்திரிக்கலம்மா," என்றாள் ரெங்கம்மாள்.

அதற்கப்புறம் அந்தக் கிணற்றில் எந்தக் கயிற்றை இறக்கினாலும் கை பிடித்த ஈரத்தோடுதான் மேலே வந்ததாம். கப்பித் தூணை வெட்டிப்போட்டார்கள். வாளி, கயிறு எதுவும் இறங்கவில்லை. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு ரெங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்றால் வாத்தியார் ஏன் என்று கேட்பார், கேட்டால் என்னத்தைச் சொல்வது என்றாள். பிறகு தவமலரின் முழங்கையைப் பிடித்து, "நாளைக்கு எறக்காத தாயி. இன்னும் ஒரு முழந்தேன் இருக்கு," என்றாள்.

மறுநாள் தவமலர் மற்ற கிணறுகளை மட்டும் அளந்துவிட்டு வந்து, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். அவள் தங்கியிருந்தது வில்லாபுரத்தில், சூசையம்மாள் டீச்சர் வீட்டில். அந்தக் கிணற்றின் கடைசி அளவைத் தானே மனதில் தோன்றியபடி எழுதிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். ஒரு பொய் எண். அதற்கப்புறம் ரயில், கப்பல், மழை. டீச்சர் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு மாதா கோவிலுக்குக் கிளம்பினாள். குழாயடியிலிருந்து அவள் வழிநெடுகப் புலம்பிக்கொண்டு தூக்கிவந்த தண்ணீர் அடுப்படிப் பானையில் நிறைந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் மைக்கேல்ராஜ் வந்தான். கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளன். வந்த நாளிலிருந்து அவளுக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டித் தந்தது, பேதி கண்டபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது எல்லாம் அவன்தான். கையில் சாத்துக்குடிப் பை. கதவருகே டேப்பைப் பார்த்தவன், இன்றைக்கு எல்லா அளவும் எடுத்தாயா என்று கேட்டான். கருத்தக்கண்ணன் கிணறு மட்டும் பாக்கி என்றாள்.

"அட, ஒருநாள் விட்டா அம்புட்டும் போச்சே தங்கச்சி. நீ படு. நான் ஒரு எட்டு போயிட்டு வாரேன். எறக்கித் தூக்குறது என்ன பெரிய வித்தையா?"

வேண்டாம் என்று சொல்லலாம். சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் காரணம் கேட்பான், சொன்னால் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போவான் என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். அது உண்மையில்லை. அவன் எடுத்துவிட்டால் பொய் எழுத வேண்டாம், தான் போகவும் வேண்டாம். அதுதான் உண்மை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

பொழுது சாய்ந்தது. மின்சாரம் நின்றது. எழுந்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். தெருவில் குழாயடிச் சண்டைகூட ஓய்ந்திருந்தது. இவ்வளவு நேரம் ஆகாது என்று மனசு சொல்ல ஆரம்பித்தபோது, தூரத்தில் சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. மெதுவாக. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறவனைப் போல அவன் எழுந்து நின்று மிதித்து வந்தான்.

"என்னமோ தெரியல, வண்டி இன்னைக்கு இந்தக் கனம் கனக்குது," என்று மூச்சு வாங்கினான். வண்டியை வாசலில் சாய்த்துவிட்டு, டேப்பின் கைப்பிடியோடு உள்ளே வந்தான். சொன்ன வேலையைவிட ஒருபடி மேலே செய்கிறவன், டேப்பு முழுக்க சாக்பீஸ் பூசியிருந்தான். "அளவு எடுத்துட்டேன். ஆனா முழுசாச் சுத்த மாட்டேங்குது தங்கச்சி. எவ்வளவு சுத்துனாலும் பாதி வெளியவே நிக்கிது."

மிச்சம் தரையில் நீண்டு கிடந்தது.

அவனுக்குப் பின்னால் இல்லை. முன்னால்.

சிமெண்ட் தரையில் ஈரக் கால் தடங்கள். கட்டிலைத் தாண்டி, அவளைத் தாண்டி, அடுப்படி இருட்டுக்குள் போயிருந்தன. பிழியாத சேலையின் நாற்றம். டேப்பு அதே வழியில் போயிருந்தது.

உள்ளே பானை மூடி நகர்ந்தது.

பிறகு குடிக்கும் சத்தம். மடக் மடக்கென்று. மூச்சு விடாமல். பானையில் மொள்ளுகிற சத்தம், குடிக்கிற சத்தம், மறுபடியும் மொள்ளுகிற சத்தம். எட்டு வருஷத் தாகம். கடைசியில் டம்ளர் பானையின் அடியைச் சுரண்டியது.

நின்றது.

தரையில் கிடந்த டேப்பு மெல்ல எழும்பியது. விறைத்தது.

"அண்ணே, கைய விடுங்க," என்றாள்.

மைக்கேல்ராஜ் தன் கையைக் குனிந்து பார்த்தான். மற்ற கையால் விரல்களைப் பிரித்துப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுக்கப் போயிருக்கவில்லை.

"விட முடியல தங்கச்சி. பிடிச்சுக்க. என்னையப் பிடிச்சுக்க."

இரண்டு எட்டு வைத்தால் போதும். தோளைப் பிடிக்கலாம்.

தவமலர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கால் எழவில்லை.

"தங்கச்சி. பிடிச்சுக்க."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டேப்பு வெள்ளையாக நீண்டிருந்தது. அடுப்படி வாசலருகே, அந்த வெள்ளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு விழுந்தது. இடப்பக்கம் சாய்ந்து. அதற்கு முன்னால், அவன் கைக்கு இன்னும் கிட்டே, இன்னொன்று, வலப்பக்கம் சாய்ந்து.

அதற்கு முன்னால் இன்னொன்று.