கடைசிப் பக்கத்து அடையாளம்

மருந்தகக் கதவை யாரோ இரண்டு கையாலும் படபடவென்று தட்டினார்கள். சுகுமாரன் கையிலிருந்த இருமல் மருந்துக் குப்பி விழுந்து உடைந்தது.

"டிரஸ்ஸர் ஐயா! புத்தகத்தையெல்லாம் பிளேடு போட்டு வெட்டிட்டாங்க!"

வந்தவள் நவமணி. பகலில் தேயிலைக் கொழுந்து பறிப்பாள். மாலையில் தோட்டத்து வாசகசாலையைத் திறப்பாள். "நான்தான் வெட்டினேன்னு ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி சொல்றாரு. ஞாயித்துக்கிழமை சாவியைப் பிடுங்கி, ரூமைப் பூட்டப் போறாராம்."

டிரஸ்ஸர் எனப்படும் தோட்டத்து மருத்துவ உதவியாளர் பசுபதி பதறவில்லை. கோயில் மணி காணாமல் போனபோது கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர். அன்றிலிருந்து அவருடைய கம்பவுண்டர் சுகுமாரன் தன்னையும் பாதி போலீஸ்காரனாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

வாசகசாலையில் பசுபதி புத்தகங்களைப் பின்புறமிருந்து புரட்டினார். சிலவற்றில் கடைசிப் பக்கத்தின் அடியில் நகம் அளவு காகிதம் வெட்டப்பட்டிருந்தது.

"இங்க என்னம்மா இருந்துச்சு?"

"அடையாளம் ஐயா. படிச்சதையே மறுபடி எடுத்துட்டுப் போயிடக் கூடாதுல்ல? தாமரை ஊசியால குத்தி வைப்பா. சுப்பன் சுண்ணாம்பு தடவுவாரு. கிராணி சம்சாரம் குணவதி அக்கா குங்குமப் பொட்டு. ஞாயித்துக்கிழமை அவங்கவங்க அடையாளத்தைக் காட்டணும், நிறையப் படிச்சவங்களுக்குக் கம்பளி பரிசுன்னு சொல்லியிருந்தேன்."

"சுப்பன்தான்!" என்று சுகுமாரன் துள்ளினான். "தோத்துடுவோம்னு மத்தவங்க அடையாளத்தை வெட்டிட்டான் லா!"

"ஊசிக்குத்து, பொட்டு எல்லாம் பத்திரமா இருக்கே சுகு. அப்ப யாரோட அடையாளம்டா போச்சு?"

அப்போது கிராணி சுப்பிரமணியம் உள்ளே வந்தார். "காதல் கதை, கண்ணீர்க் கதை! தோட்டத்துப் பிள்ளைங்க இதனாலதான் கெட்டுப் போகுது. நான் இந்தக் குப்பையைக் கையால தொட்டதில்ல."

சுகுமாரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உதடெல்லாம் ஊதாவா இருக்கே, நாவப்பழம் தின்னீங்களா?"

"கொழுந்து எடை எழுதுற பென்சில்டா, ஈரம் பட்டா ஊதாவாயிடும். நாக்குல தொட்டாத்தான் எழுதித் தொலைக்குது."

பசுபதி அதைக் கேட்டும் தலை நிமிரவில்லை. வெட்டுப்பட்ட ஒரு புத்தகத்தின் பின்னட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை வாசகசாலை நிரம்பி வழிந்தது. வெளியே பனி மூட்டம்; ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை. நவமணி சாவியை முந்தானையில் முடிந்து, முடிச்சை விடாமல் பிடித்திருந்தாள்.

"வெட்டினவர் புத்தகத்தைக் கெடுக்க நினைக்கல. தன்னோட அடையாளத்தை மட்டும் எடுத்திருக்கார்" என்றார் பசுபதி. "எல்லாரும் காட்டுற நாள்ல, சொந்தக்காரர் இல்லாத அடையாளம் ஒண்ணு மிஞ்சினா ஊரே தேடும்."

"அது எந்த அடையாளம்?" என்று சுகுமாரன் அவசரப்பட்டான்.

"இந்த மலை ஈரம் காட்டிக் குடுத்துருச்சு. பின்னட்டையில பாரு, ஊதாப் புள்ளி ஊறியிருக்கு. எச்சில் தொட்டு எழுதுற பென்சில். இன்னொண்ணு, வெட்டுப்பட்ட புத்தகம் எல்லாத்துலயும் குங்குமப் பொட்டு இருக்கு."

எல்லோரும் குணவதியைப் பார்த்தார்கள். "என் பொட்டு அப்படியே இருக்கு. நான் ஏன் வெட்டணும்?" என்றாள் அவள், பிறகு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அதேதாம்மா. உங்க வீட்டுக்கு வந்த புத்தகத்தை, நீங்க தூங்கினப்புறம் வேற யாரோ படிச்சிருக்காங்க."

கிராணி மேசையைத் தட்டினார். "பென்சிலை ஆபீஸ்ல யாரு வேணாலும் எடுக்கலாம். என் வீட்டுக்குப் பத்துப் பேர் வர்றாங்க. இது ஒரு சாட்சியா? குடும்மா சாவியை!"

நவமணி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். சுகுமாரன் பசுபதியைப் பார்த்தான். டிரஸ்ஸர் ஐயா தோற்றுப் போவதா?

பசுபதி பெருமூச்சுடன் வெட்டுப்பட்ட நாவல் ஒன்றை எடுத்தார். "கிராணி சொல்றதும் நியாயம்தான். பென்சிலை வச்சு ஒரு மனுஷரைக் குத்தம் சொல்ல முடியாது. கதையும் மோசம்தான். இதையே பாருங்க, அந்த அப்பாவிப் பொண்ணு கடைசியில கிணத்துல விழுந்து செத்துப் போறா. இதையெல்லாம் நம்ம பிள்ளைங்க படிக்கணுமா? பூட்டிடலாம்."

"யாரு சொன்னது செத்துப் போறான்னு?" கிராணி சீறினார். "கடைசி அத்தியாயத்துல ரயிலை விட்டு இறங்கி வர்றாளே, நான் எப்படி அழுதேன் தெரியுமா!"