நாலாம் பிறைக்கு ஒரு வசவு

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த லோகப்பிரியா தலைக்கு நேர் மேலே பார்த்து, அரை நிலா அழகா இருக்குதுங்கல்ல என்று புருஷனைக் கேட்டாள். கிருபாசங்கர் அண்ணாந்தான். அங்கே ஒன்றுமில்லை. அவனுடைய நிலா மேற்கே நின்றது. வெட்டிப்போட்ட நகம்போல மெலிசாக, வளராமல், குருடிமலைக்கு மேலே அல்ல, மலைக்கு இந்தப் பக்கம், எதிர்வீட்டுத் தகரக் கூரைக்குச் சற்று மேலே.

ஆமா கண்ணு, அழகுதான் என்றான்.

தப்பு அவனுடையது. மூன்றாம் பிறையன்று மேகம் மூடிக்கொண்டது. ஒரு நாள் லேட்டானால் ஃபைனா போடப் போகிறார்கள் என்று மறுநாள் மாடியேறி, நாலாம் பிறையைக் கும்பிட்டுவிட்டு இறங்கினான். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பது பெரியநாயக்கன்பாளையத்து நாய்களுக்கே தெரியும். பரிகாரமும் தெரியும். யாரிடமாவது வாய் நிறையத் திட்டு வாங்கினால் தீர்ந்தது.

இந்த ஊரில் கிடைக்காத ஒரே பொருள் அது. பம்ப் கம்பெனியில் வேண்டுமென்றே ஒரு பம்ப் பாகத்தை லேத்தில் போட்டுக் கெடுத்தான். சூப்பர்வைசர் மருதாசலம், உடம்பு சரியில்லீங்களா தம்பி, போய் டீ சாப்பிட்டு வாங்க என்றார். பக்கத்து வீட்டு ஜெரோமின் ஸ்கூட்டரைத் தன் வண்டியால் இடித்துக் கண்ணாடியை உடைத்து, தானும் விழுந்தான். ஜெரோம் ஓடிவந்து இவனைத் தூக்கி நிறுத்தி, பரவாயில்லீங்க என்று முழங்காலுக்கு மருந்து போட்டான்.

ஒவ்வொரு மரியாதைக்கும் அந்தப் பிறை கொஞ்சம் கிட்டே வந்தது. முதலில் மலை. பிறகு ஊர்த் தண்ணீர்த் தொட்டி. ஜெரோம் மருந்து போட்ட சாயங்காலம், தகரக் கூரை.

மிச்சம் லோகப்பிரியாதான். கல்யாணமான நாளிலிருந்து ‘ங்க’ போடாமல் அவள் அவனிடம் பேசியதில்லை. இன்று காலையில் அவள் காபியில் உப்பைக் கொட்டினான். புது ருசியா இருக்குதுங்க என்று குடித்து முடித்தாள்.

வெயில் இறங்கியது. இரும்பு வார்க்கும் பவுண்டரியின் கருகிய மண் வாசமும், கீழ்வீட்டுத் தாளிப்பும், மேட்டுப்பாளையம் பஸ்களின் ஹாரனும் கலந்து மாடியேறி வந்து, வழக்கம்போல எதுவும் நடக்காத ஒரு சாயங்காலத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, அதற்கெல்லாம் அடியில், தகரத்தை நகத்தால் மெதுவாகக் கீறும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி, இன்னும் கிட்டே. தகரம் அல்ல. இப்போது சிமென்ட்.

கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம்.

வெள்ளையாக ஒரு நுனி சுவர்மேல் ஏறியது. வளைந்திருந்தது. நகம் என்றால் பின்னால் விரல் இருக்க வேண்டும் என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது.

லோகப்பிரியா அதற்கு முதுகு காட்டிக் கொடியில் கிளிப் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய போனை எடுத்தான். தண்ணீர் டேங்கின் மூடியைத் திறந்தான். போட்டான்.

அவள் டேங்கைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உதடு திறந்து மூடியது. பரவாயில்லை என்று வந்துவிட்டால்?

நுனி சுவரைத் தாண்டியது.

“கெரகம் புடிச்சவனே,” என்றாள். “அந்த உப்புக் காப்பிய அப்பவே உன்ற மூஞ்சில ஊத்தியிருக்கோணும். அறிவுகெட்ட நாயே.”

கீறல் நின்றது. அந்த வெள்ளை, எங்கே போவதென்று தெரியாததுபோல அப்படியே நின்றது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

“அங்க என்னத்தடா பாத்து இளிக்கிறே?”

திரும்பாதே என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பாதியில் நின்ற திட்டு செல்லுமா? வாயை மூடிக்கொண்டான்.

அவள் திரும்பினாள்.

துணிகள் கையிலிருந்து விழுந்தன. சுவரில் ஒன்றுமில்லை. வானத்தில் அரை நிலா. இப்போது அவனுக்கும் தெரிந்தது.

லோகப்பிரியா மெல்ல இவன் பக்கம் வந்தாள். கண்களை இறுக்கி மூடியிருந்தாள். இமைகளுக்குள், தோல் வழியாகத் தெரிந்தன இரண்டு வெள்ளை வளைவுகள். கீறின. உள்ளிருந்து.

“ஏனுங்க,” என்றாள். “திட்டுங்க.”

முயன்றான். பயந்த நேரத்தில் அவன் வாய்க்குப் பழகியது ஒன்றுதான் வந்தது.

“ஒண்ணுமில்லீங்க அம்மணி.”

இடது இமையின் நடுவே நுனி வெளியே வந்தது. அதற்குப் பின்னால், விரல்.