நோ நின்ற வேளை

"ஆறு நாள் விரதமிருந்த பிள்ளை பாறணைச் சோறு வேண்டாமெண்டுதே! முருகா, இதென்ன சோதனை...!"

குசினி வாசலில் நின்று குணலட்சுமி வைத்த ஓலத்தில், அடுப்படியில் நின்ற மருமகள் பராசக்தி திடுக்கிட்டுத் திரும்பினாள். கந்தசட்டி விரதம் முடித்துச் சோறு தின்கிற காலை அது. இணுவில் முழுவதும் அந்நேரம் இலை விரித்திருக்கும். இந்த வீட்டிலோ கடைக்குட்டி சிவக்கொழுந்து இலையைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"வெறும் வயித்திலை வாய்வு ஏறியிட்டுது. வேறையொண்டுமில்லை" என்றாள் தாய்.

பராசக்திக்கு மனம் ஒப்பவில்லை. அவளும்தான் ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தவள். சோறு கொதிக்கிற வாசத்துக்கே அவளுக்கு வாயூறியது. அப்படிக் காய்ந்த வயிறு சோற்றைக் கண்டு குமட்டுமா? மைத்துனியின் அருகில் போய்க் குந்தினாள்.

"எங்கை நோகுது கொழுந்து?"

"நேற்றுச் சூரன்போர் பாத்துக்கொண்டு நிக்கேக்கை தொப்புளைச் சுத்தித் துவங்கினது மச்சாள்... இப்ப இஞ்சை இறங்கியிட்டுது." கை வலப்பக்கத்து அடிவயிற்றைத் தொட்டது.

"சத்தி எடுத்தனியோ?"

"ஓம்... விடியப்புறம். அம்மாவுக்குச் சொல்லேல்லை."

நெற்றி இளஞ்சூடாகக் காய்ந்தது. மடக்கி வைத்திருந்த வலது காலை நீட்டச் சொன்னபோது பெட்டைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. 

அதற்குள் மாமியார் பேணி நிறைய ஆமணக்கெண்ணெயோடு வந்துவிட்டாள். "இதைக் குடி பிள்ளை. வயித்தாலை போனால் எல்லாம் சரியாப் போகும்."

"மாமி, வேண்டாம்! பேதிக்கு மாத்திரம் குடுக்காதேங்கோ. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவம்!"

"ஆசுப்பத்திரிக்கோ? வெள்ளிக்கிழமை மாப்பிளை வீட்டார் வருகினம். குமர்ப்பிள்ளையை வயித்துக்குத்தெண்டு கொண்டு போய்ப் படுத்தினால் ஊர் என்ன கதைக்கும்? உனக்கு விளங்கேல்லையோ... இல்லை, விளங்கித்தான் சொல்லுறியோ?"

"என்ரை தங்கச்சி பூமணிக்கும் இப்பிடித்தான் மாமி! தொப்புளிலை துவங்கி வலப்பக்கம் இறங்கினது. நீர்வேலியிலை எல்லாரும் வாய்வெண்டுதான் சொல்லிச்சினம். எங்கடை அம்மாவும் ஆமணக்கெண்ணெய் பருக்கினவ. நோ நிண்டிட்டுதெண்டு சந்தோசப்பட்டம்... மற்ற நாள் விடியப் பிள்ளை இல்லை மாமி! குடல்வால் வெடிச்சுப் போச்செண்டு பிறகுதான் டொக்டர் சொன்னவர்..."

"வாயைப் பொத்தடி! நல்ல நாளும் அதுவுமாய் என்ரை பிள்ளைக்குச் சாவு சொல்லுறியோ? உன்ரை வயிறுதான் திறக்கேல்லை... என்ரை பெட்டையின்ரை வாழ்வையும் கெடுக்கப் பாக்கிறியோ?"

பிள்ளையில்லாதவள் என்ற சொல் அந்த வீட்டில் புதிதல்ல. கணவன் தியாகராசா வவுனியாவில் படிப்பிக்கிறவன். சண்டையால் பாதை அடைபட்டதால் கிளாலிக் கடலைத் தாண்டி எப்போதாவது வந்து போகிற அவனிடம்கூட அவள் அதைச் சொல்லி அழுததில்லை. ஆனால், மாமியார் மகளின் நாடியை நிமிர்த்தி வாயைத் திறக்கப் போன அந்தக் கணத்தில், கலியாணமாகி வந்த நாள் தொட்டு எதிர்த்து ஒரு சொல் சொல்லாத பராசக்தி, பேணியைப் பறித்து முற்றத்தில் வீசினாள்.

 குணலட்சுமியின் கை உயர்ந்தது. பராசக்தியின் கன்னம் பற்றி எரிந்தது.

"அம்மா... மச்சாளுக்கு அடியாதேங்கோ" என்று முனகிய சிவக்கொழுந்து, சட்டென்று வயிற்றைத் தடவிப் பார்த்தாள். முகம் தெளிந்தது. "நோ... நிண்டிட்டுது அம்மா!"

"பாத்தியே! முருகன் என்னைக் கைவிடேல்லை. உவள்தான் சாவு சொன்னவள்!" குணலட்சுமி திருநீறு எடுக்க ஓடினாள்.

பராசக்திக்கோ தங்கையின் நினைவுதான் வந்தது. நீர்வேலி வீட்டிலும் இப்படித்தான் கற்பூரம் கொளுத்தினார்கள்! கொழுந்தின் வயிற்றில் மெல்லக் கை வைத்தாள். பலகைபோல் இறுகிக் கிடந்தது.  கணவனின் பழைய சைக்கிளை எடுத்து, கரியரில் தலையணையை வைத்துக் கட்டி, மைத்துனியைத் தாங்கி இருத்தினாள்.

"படலையைத் தாண்டினியோ, இந்த வீட்டுப் பக்கம் திரும்பி வராதை!"

"வரேல்லை மாமி. பிள்ளையை மட்டும் திருப்பி அனுப்பிவிடுறன்."

மாரி மழையில் வீதி குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒவ்வொரு குழியிலும் சைக்கிள் குலுங்க, கொழுந்து முதுகில் முகத்தைப் புதைத்து அலறினாள். நின்ற வலி வயிறு முழுவதும் பரவித் திரும்பியிருந்தது. "விட்டிடுங்கோ மச்சாள், ஏலாது..." "கொஞ்சத் தூரம்தான் என்ரை ராசாத்தி, என்னை இறுக்கிப் பிடி!" ஆறு நாள் சோறு காணாத வயிறு கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கொக்குவில் தாண்டினபோது மேலே குண்டுபோடுகிற பொம்மர் இரைந்தது. சனம் வேலியோரம் பதுங்கியது. அவள் மட்டும் மிதித்தாள். அந்தக் கால்களுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததென்று பிறகு நினைத்துப் பார்த்தும் அவளுக்கு விளங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், தள்ளுவண்டி ஓடியது. மின்சாரம் இல்லாத ஊரில், அந்த ஒரு அறைக்காக ஜெனரேற்றர் உறுமத் தொடங்கியது. வெளியே மர வாங்கில் இருந்த பராசக்தி அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டிருந்தாள். அது ஓடும்வரை உள்ளே யாரோ பிள்ளைக்காகப் போராடுகிறார்கள் என்றிருந்தது. நாடு முழுக்கக் குண்டு விழுந்து உயிர் போகிற காலத்தில், முகம் தெரியாத ஒரு பெட்டையின் ஒற்றை உயிருக்காக இத்தனை கைகளா! 

அப்போதுதான் வாசலில் ஓர் உருவம் தெரிந்தது. முழங்கால் வரை சேறு. செருப்பில்லாத கால். இணுவிலிலிருந்து நடந்தே வந்திருந்தாள் குணலட்சுமி. மருமகளின் முகத்தைப் பார்க்கவும் முடியாமல், தள்ளி நிற்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்தாள். பராசக்தி எழுந்து போய்க் கையைப் பிடித்து வந்து இருத்தினாள்.

ஜெனரேற்றர் நின்றது. டொக்டர் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"குடல்வால் வெடிச்சிட்டுது. ஆனால் சீழ் கனக்கப் பரவ முந்திக் கொண்டு வந்திட்டியள். கழுவித் தைச்சிருக்கிறன். பிள்ளை தப்பியிட்டா."

"ஐயா...!" இரண்டு பெண்களும் ஒன்றாகக் கைகூப்பினார்கள்.

"வெடிக்கேக்கை நோ கொஞ்சம் குறையும். சுகம் வந்திட்டுதெண்டு நினைச்சு வீட்டிலை வைச்சிருந்துதான் கனபேர் பிள்ளையளைப் பறிகுடுக்கிறவை. அதோடை பேதிக்குக் குடுத்திருந்தால் நான் ஒண்டும் செய்திருக்கேலாது. வயித்து நோவெண்டால் ஊரிலை எல்லாரும் அதைத்தானே குடுக்கிறவை, உங்கடை வீட்டிலை ஆர் யோசிச்சுத் தடுத்தது?"

குணலட்சுமியின் தலை கவிழ்ந்தது. பராசக்தி மெல்லச் சொன்னாள்: "நாங்கள் ஒருதரும் குடுக்கேல்லை ஐயா."

நாங்கள்! அந்த ஒரு சொல்லில் மாமியாரையும் சேர்த்து மூடிக் காத்துவிட்டாள். குணலட்சுமியால் அதைத் தாங்க முடியவில்லை.

"பொய் ஐயா, பொய்! நான் பருக்கத்தான் போனனான். இவள்தான் பேணியைப் பறிச்சு எறிஞ்சவள்! அதுக்கு நான்... இந்தக் கையாலை இவளின்ரை கன்னத்திலை அடிச்சனான் ஐயா!"

தாழ்வாரத்தில் நின்ற நோயாளர், தாதியர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்வாய்க்குப் பயந்த அந்த மனுசி இப்போது யார் கேட்கிறார்களென்று பார்க்கவில்லை. டொக்டர் பராசக்தியை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். தலையை அசைத்துவிட்டு நடந்தார்.

பின்னேரம் நோயாளர் வாட்டில் கொழுந்து கண் திறந்தாள். மூச்சு விட, போர்வை மெல்ல ஏறி இறங்கியது. இரண்டு பெண்களும் கட்டிலின் இரு பக்கமும் நின்று, உலகத்தில் இதுவரை நடந்திராத ஒன்றைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாப்பிளை வீட்டார் ஏதும் கதைச்சினமெண்டால், மாமி...?"

"கதைக்கட்டும்! உயிரோடை இருக்கிற பிள்ளையைப் பற்றித்தானே கதைக்கப் போகினம்." குணலட்சுமி கட்டிலைச் சுற்றி வந்தாள். மருமகளின் கன்னத்தைத் தடவினாள். "ஆனால் ஒண்டை நினைச்சால் நெஞ்சு வெடிக்குது பிள்ளை. பூமணியின்ரை கதையை நீ சொல்ல, நான் சாவுச் சொல்லெண்டன்... அந்தப் பச்சைப் பிள்ளையல்லோடி என்ரை பிள்ளையைக் காப்பாத்தினவள்!"

பராசக்தி கொழுந்தைப் பார்த்தாள். நீர்வேலியில் மண்ணோடு மண்ணாகிப் போனவள் இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு உயிரைக் கைபிடித்து இழுத்து வந்தாளா? அந்தச் சாவுக்குள்ளே இப்படியும் ஒன்று இருந்ததா...? தங்கைக்காக இதுவரை யார் முன்னும் அழாதவள், மாமியாரின் தோளில் விழுந்து வாய்விட்டு அழுதாள்.

"அழு என்ரை பிள்ளை, அழு..." என்று இறுக அணைத்துக்கொண்டு, தான் ஒருநாளும் கண்டிராத அந்தச் சிறுமிக்காகக் குணலட்சுமியும் அழுதாள்.