கேளா வயல்

கிடங்கில் இருந்தவர்கள்: சங்கச் செயலாளர் ஞானசேகர், கீழ்வயல் சவுரிமுத்து, நெல் பயிரிடும் இன்னும் முப்பத்தொரு பேர், சுவரில் பொருத்திய பருவஞ்சொல்லி இயந்திரம், வெளியே போகவேண்டிய அஞ்சம்மாள்.

சம்பா விதைப்பு அறிக்கை வரும் நாள். பருவஞ்சொல்லி மண்ணையும் மழையையும் அளந்து, எந்தத் தேதியில் விதைப்பது என்று சொல்லும். ஊர் அப்படியே செய்யும். அதுதான் அதன் சிக்கல். எல்லோரும் சொன்னபடியே செய்தால், சொன்னது சரியா என்று அதற்கே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க, அதன் பேச்சைக் கேட்காத ஒரு வயல் வேண்டும்.

நான்கு ஆண்டுகளாக அது அஞ்சம்மாளின் வயல். அறிக்கை தெரியாமல் தன் புத்திப்படி விதைக்க வேண்டும். நான்கு ஆண்டும் அவள் வயல்தான் ஊரிலேயே நன்றாக விளைந்தது. இயந்திரம் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது.

ஊர் அதை மறக்கவில்லை. ஞானசேகர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். சவுரிமுத்து முன்னால் வந்து கும்பிட்டான்.

"போன வருஷம் எனக்குப் பயிர் முழுகி அழுகிடுச்சுக்கா. இந்த வருஷமும் போனா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டுத் திருப்பூர் போயிட வேண்டியதுதான். உங்களைப் பாத்துத்தான் மிஷினே கத்துக்குது. அந்தத் தைரியத்துலதான் இருக்கேன். ரொம்ப நன்றிக்கா."

அஞ்சம்மாள் பொன்னாடையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நான் சொந்தமா விதைக்கலடா."

"என்னக்கா சொல்றீங்க?"

"பயமா இருந்துச்சு. நீங்க விதைக்கிறதைப் பாப்பேன். ரெண்டு நாள் கழிச்சு நான் விதைப்பேன். அன்னைக்கே விதைச்சா கண்டுபிடிச்சிருவீங்கல்ல."

"நாலு வருஷமுமா?"

"நாலு வருஷமும்."

ஞானசேகர் விரல்விட்டு எண்ணினார். முதல் ஆண்டு ஊர் விதைத்தது ஆவணி இருபதில். போன ஆண்டு இருபத்தாறில். அவளைப் பார்த்து இயந்திரம் ஆண்டுக்கு இரண்டு நாள் தள்ளியிருக்கிறது. ஊரைப் பார்த்து அவள் மேலும் இரண்டு நாள் தள்ளியிருக்கிறாள். தள்ளத் தள்ள, ஐப்பசி மழை வரும்போது பயிர் குட்டையாகவே நின்றிருக்கிறது.

"அப்ப உங்க வயல் மட்டும் ஏன் முழுகலை?" என்றார்.

"வாய்க்கால்ல தூர்வாரின வண்டலை வாங்கிக் கொட்டினேன். ஒரு முழம் மேடு. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

"ஆக, நாங்க உங்களைப் பாத்து விதைச்சிருக்கோம்."

"நான் உங்களைப் பாத்து விதைச்சேன்."

"இன்னும் கொஞ்ச வருஷம் போயிருந்தா பொங்கலுக்குத்தான் விதைச்சிருப்போம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பாதிப் பேர் சிரித்தார்கள்.

சவுரிமுத்து சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "இப்பவாவது சொன்னீங்களே. அதுவே பெரிய உதவிக்கா," என்றான்.

பருவஞ்சொல்லி பேசியது. "தகவலுக்கு நன்றி. நான்கு ஆண்டுப் பாடத்தை அழித்துவிட்டேன். வயலின் மேட்டைக் குறித்துக்கொண்டேன். கேளா வயல் இதுவே தொடரும். ஒரு நிபந்தனை. அஞ்சம்மாள் விதைக்கும்வரை வேறு யாரும் விதைக்கக் கூடாது. விதைத்தால் அவர் பார்த்துவிடுவார். மீறினால் அடுத்த பருவத்துக்கு அறிக்கை கிடையாது."

யாரும் மறுக்கவில்லை. அறிக்கை இல்லாமல் விதைக்க அங்கே ஒருவருக்கும் தெரியாது.

புதிய தேதி அச்சாகித் துண்டுச்சீட்டில் வந்தது. ஞானசேகர் படித்துவிட்டுச் சவுரிமுத்துவிடம் நீட்டினார். அவன் இரண்டு முறை படித்தான். அஞ்சம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சீக்கிரமாடா?"

அவன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"தள்ளியா? தலையையாவது ஆட்டேன்டா."

"அக்கா, தயவுசெஞ்சு கிளம்புங்க." சுவரைப் பார்த்தே சொன்னான். "யோசிச்சு விதைங்க. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

ஞானசேகர் பொன்னாடையை எடுத்து மறுபடி அவள் தோளில் போட்டு, வாசல்வரை கூட்டிவந்தார். உள்ளே இருந்த எல்லோரும் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார்கள். அது நடிப்பில்லை. அவள் திரும்பி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து பூட்டிவிட்டார்கள்.