விமானத்துக்கு ஒரு குடம் எண்ணெய்

பாண்டிமீனாவுக்கு மூன்று விஷயங்கள் தெரியும். மூன்றும் உண்மை. ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை.

ஒன்று, விமானம் விடும் புகையால் பூமி சூடாகிறது. டீச்சர் சொன்னார். ரயிலில் போனால் அவ்வளவு புகை இல்லையாம்.

இரண்டு, அம்மாவின் பஜ்ஜிக் கடையில் மிஞ்சும் பழைய எண்ணெயை விமான எரிபொருள் செய்யக் கொண்டுபோகிறார்கள். வேன் ஓட்டும் அழகுபாண்டி அண்ணன் போன வெள்ளிக்கிழமை சொன்னார். அது பூமிக்கு நல்லதாம்.

மூன்று, பழைய எண்ணெயில் சுட்டதைத் தின்றால் நெஞ்செரிச்சல் வரும். இதை அம்மா சின்னத்தாய் தினமும் சொல்வாள். மதுரைப் பழங்காநத்தத்தில் அம்மா கடைக்குக் கூட்டம் வருவதே அதனால்தான். நேற்றைய எண்ணெயில் இன்று பஜ்ஜி கிடையாது.

அப்படியானால், பழைய எண்ணெய் ஊற்றிய விமானத்துக்கு என்ன ஆகும்?

இது சாதாரணக் கேள்வி இல்லை. நாளைக் காலை தாமரைச்செல்வி அத்தை சென்னைக்கு விமானத்தில் போகிறாள். வேலைக்கான நேர்காணல். ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை, எண்ணெய் வேன் வரும் நாள். பாண்டிமீனா பள்ளிக்கூடம் விட்டு வந்து தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா வாழைக்காய் வாங்கப் போயிருந்தாள். வண்டியின் கீழ்த்தட்டில் ஐந்து பாக்கெட் புது எண்ணெய் இருந்தது. பக்கத்தில் கறுப்பு எண்ணெய் நிரம்பிய கேன்.

பாண்டிமீனா வீட்டுக்கு ஓடினாள். சில்வர் குடத்தைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து எடுத்து வந்தாள். ஐந்து பாக்கெட்டையும் வெட்டி அதில் ஊற்றினாள். குடத்தை மூடிக் கீழ்த்தட்டின் மூலையில் வைத்தாள். கறுப்பு கேனை வண்டிக்குப் பின்னால் தள்ளி, சாக்கைப் போட்டு மூடினாள்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

"எண்ணெயைக் காணோமே! ஏத்தா, கடைக்கார அண்ணன் கொண்டுவந்து வச்சாரா?"

பாண்டிமீனா வாயைத் திறந்தாள்.

அதற்குள் அம்மா போனை எடுத்துவிட்டாள். "அண்ணே, எண்ணெய் வரவே இல்ல. அடுப்பு பத்தவைக்கிற நேரத்துல இப்படிப் பண்ணலாமா?"

இரண்டு நிமிடத்தில் மளிகைக்கடை உக்கிரபாண்டி நேரிலேயே வந்து நின்றார். கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என் கையால வச்சிட்டுப் போனேன்மா. அஞ்சு பாக்கெட்டு."

"அப்ப எண்ணெய்க்குக் கால் முளைச்சிருச்சா?"

"பதினாலு வருசமா சாமான் குடுக்கேன். ஒரு நாளாவது உனக்குக் குறைச்சிருக்கேனா?"

அவர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார். பாண்டிமீனா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கால்விரல்களைப் பார்த்தாள். பஜ்ஜிக்காக நின்றவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"மாமா பொய் சொல்லலைம்மா. நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"நீயா? அம்புட்டு எண்ணெயையும் என்னடி பண்ணுன?"

"பிளேனுக்கு ஊத்தி வச்சிருக்கேன்."

யாருக்கும் எதுவும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அழகுபாண்டியின் வேன் வந்து நின்றது. பாண்டிமீனா குடத்தைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

அவர் மூடியைத் திறந்தார். தங்க நிறத்தில் மின்னியது. ஒரு விரலை விடப் போனவர், குடத்தின் பளபளப்பைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"பாப்பா, இது புது எண்ணெய். இதை நான் எடுக்கக் கூடாது."

"நல்லதைக் குடுத்தா வேணாமா?" பாண்டிமீனாவுக்கு அழுகை வந்தது. "பழசு ஊத்துனா அத்தை போற பிளேனுக்கு நெஞ்செரிச்சல் வந்துராதா?"

அம்மா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உக்கிரபாண்டி சிரித்தேவிட்டார்.

"அப்படியே ஊத்த மாட்டாங்க" என்றார் அழகுபாண்டி. "ஆலையில போட்டு வேற எரிபொருளாவே மாத்திருவாங்க. பஜ்ஜி வாசனைகூட மிஞ்சாது. புது எண்ணெயவே எரிக்க ஆரம்பிச்சா, அதுக்குன்னு காட்டை அழிச்சுப் பயிர் வைப்பாங்க. அதான் வீணாப் போறதை மட்டும் எடுக்கோம்."

"அப்ப அந்தப் பிளேன் புகை விடாதா?"

"விடும்."

"பின்ன எப்படி நல்லது?"

அழகுபாண்டி தலையைச் சொறிந்தார். "பூமிக்கு அடியில கிடக்கிறதைத் தோண்டி எரிச்சா, அந்தப் புகை புதுசா வந்து சேரும். இது செடியில இருந்து வந்த எண்ணெய். அந்தச் செடி வளரும்போதே காத்துல இருந்து எடுத்ததுதான் திரும்பப் போகுதாம். எனக்கே பாதிதான் புரிஞ்சுச்சு."

"அப்ப நாம நிறைய பஜ்ஜி சுட்டா?"

"மதுரையே பஜ்ஜி தின்னாலும் எல்லாப் பிளேனுக்கும் பத்தாது பாப்பா. அத்தை போற பிளேன்ல இது இருக்குமான்னும் தெரியாது."

பாண்டிமீனா சாக்கை விலக்கிக் கறுப்பு கேனை எடுத்துக் கொடுத்தாள். குடத்து எண்ணெய் சட்டியில் இறங்கியது. அம்மா உக்கிரபாண்டியிடம், "கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றாள். முதல் நான்கு பஜ்ஜியைப் பாண்டிமீனாவே தட்டில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"மன்னிச்சுக்கங்க மாமா."

"நெஞ்செரிச்சல் வராதுல்ல?" என்று கேட்டுவிட்டு, அவர் முதல் பஜ்ஜியைக் கடித்தார்.

அத்தையும் பஜ்ஜி தின்ன வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாண்டிமீனா சிரிக்கவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, போறது அவசரம். வாரதும் அவசரமா?"

"இல்லையே. ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் வாரேன்."

"அப்ப டிரெயின்ல வாங்களேன்."

அத்தை கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். இருவரும் தலையை முட்டிக்கொண்டு தேடினார்கள். திங்கட்கிழமைக்கு ஓர் இடம் இருந்தது.

மறுநாள் காலை வீட்டுக்கு மேலே ஒரு விமானம் போனது. அதில் என்ன எண்ணெய் இருக்கிறது என்று பாண்டிமீனாவுக்குத் தெரியாது. அது விடும் புகை எவ்வளவு என்றும் தெரியாது.

ஆனால் அத்தை திரும்பி வரும் ரயிலின் பெயர் அவளுக்குத் தெரியும். எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்பதும் தெரியும். ஜன்னலோர இருக்கை.